குளிர்காலத் தங்கலுக்கு ஒற்றைச் சுவர் மலையேற்றக் கூடாரம் பொருந்துமா?

வெண்முகடு (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். இதுவரை பனி இல்லாத பருவங்களில் மட்டுமே கூடாரமடித்துத் தங்கிப் பழகிய நானும் என் தோழரும், வரும் குளிர்காலத்தில் பனி மூடிய மலைச்சரிவுகளில் தொடர்ந்து மூன்று நான்கு இரவுகள் தங்கி நடக்கத் திட்டமிட்டிருக்கிறோம். எங்களிடம் இப்போது இருப்பது உள்கூடாரமும் மேல்விரிப்பும் தனித்தனியாக உள்ள வழக்கமான கூடாரம். அதன் உள்கூடாரத்தில் பாதிக்கு மேல் வலைத்துணி என்பதால் காற்று அள்ளி வரும் பொடிப்பனி நேரே படுக்கைமேல் வந்து விழும் என்றும், அதன் மெல்லிய கழிகள் பனியின் பாரத்தைத் தாங்கமாட்டா என்றும் அனுபவமுள்ளவர்கள் எச்சரித்தார்கள்.

மலையேற்றத்தை விட்டுவிட்ட ஒருவர், தனி மேல்விரிப்பு இல்லாமல் ஒரே துணிச்சுவர் மட்டும் கொண்ட தம்முடைய ஒற்றைச் சுவர்க் கூடாரத்தைத் தருவதாகச் சொல்கிறார். இரண்டு கழிகள் உச்சியில் குறுக்காகச் செல்லும் அமைப்பு. கழிகளைக் கூடாரத்துக்கு உள்ளேயிருந்து பொருத்த வேண்டும். எடை ஒன்றரைக் கிலோவை ஒட்டியது. தரைப்பகுதி ஏறத்தாழ 2 மீட்டர் நீளமும் 120 சென்டிமீட்டர் அகலமும் கொண்டது. முன்புறத்தில் தாழ்வாரம் எதுவும் இல்லை. பார்வைக்கு உறுதியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒற்றைச் சுவர்க் கூடாரம் இரவு முழுவதும் வியர்த்து, விடியும்போது உள்ளே இருப்பவர்களை நனைத்துவிடும் என்று பலரும் எழுதுகிறார்கள். அதே சமயம், உயர்ந்த மலைகளில் ஏறுபவர்கள் அதைத்தான் நம்பிச் செல்கிறார்கள் என்பதும் தெரிகிறது. இந்த இரண்டையும் எப்படிப் பொருத்திப் புரிந்துகொள்வது?

நாங்கள் செல்லும் இடத்தில் இரவு வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே 5 டிகிரியிலிருந்து 18 டிகிரிவரை இறங்கலாம். முதல் இரவு மரங்களுக்கு நடுவே. மற்ற இரவுகள் காற்றுக்குத் திறந்த முகடுகளில். இந்தக் கூடாரத்தை வாங்கிக்கொள்ளலாமா, அல்லது எடை கூடினாலும் நான்கு பருவத்துக்கும் உரிய இரட்டைச் சுவர்க் கூடாரம் ஒன்றைத் தேடுவதே முறையா என்று அறிய விரும்புகிறேன்.

---

நெடுவழியன்

வெண்முகடு அவர்களுக்கு, கூடாரத்தை எடுத்துவைப்பதற்கு முன் உங்கள் உடலிலிருந்து ஓர் இரவில் எவ்வளவு நீர் வெளியேறுகிறது என்று ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள். மற்றவை தாமாகவே தெளிவாகும்.

ஓய்வில் இருக்கும் ஒருவர் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றை மூச்சாக விடுகிறார். குளிர்கால இரவு நீளமானது; கூடாரத்துக்குள் 12 மணி நேரம் முடங்கிக் கிடப்பது மிகச் சாதாரணம். அந்த நேரத்தில் வெளிவிடும் மூச்சு 4 முதல் 6 கன மீட்டர் வரை சேர்கிறது. வெளிவிடும் மூச்சு ஏறத்தாழ 34 டிகிரி வெப்பத்தில், நீராவி நிறைந்த நிலையில் இருக்கும். அந்த வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று 37 கிராம் அளவுக்கு நீராவியைச் சுமக்கும். ஆக, மூச்சிலிருந்து மட்டும் ஒருவருக்கு 150 கிராமுக்குக் குறையாமல் நீர் வெளியேறுகிறது. வியர்க்காமல் படுத்திருந்தாலும் தோலின் வழியே ஏறத்தாழ அதே அளவு ஆவியாகிறது. இருவர் படுத்திருக்கும் கூடாரத்தில் ஓர் இரவுக்கு அரை லிட்டருக்கு மேல் நீர் என்று வைத்துக்கொள்ளலாம். உள்ளே பனியை உருக்கிச் சமைத்தால் அது தனிக் கணக்கு.

இனி, இந்த நீரைக் காற்று எவ்வளவு ஏற்றுக்கொள்ளும் என்பதைப் பாருங்கள். பூஜ்ஜியம் டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றால் 5 கிராமுக்குச் சற்றுக் குறைவான நீராவியைத்தான் வைத்திருக்க முடியும். பூஜ்ஜியத்துக்குக் கீழே 10 டிகிரியில் அது 2 கிராமைச் சற்றே தாண்டும். 20 டிகிரி கீழே போனால் சுமார் 1 கிராம். வெளியே 20 டிகிரி, உள்ளே 10 டிகிரி என இரண்டுமே பூஜ்ஜியத்துக்குக் கீழே இருக்கும் இரவில், வெளிக்காற்று உள்ளே வந்து திரும்பும்போது கன மீட்டருக்கு ஒரு கிராமுக்குச் சற்று மேல்தான் எடுத்துச் செல்லும். அரை லிட்டரை அப்படி வெளியேற்ற 400 கன மீட்டர் காற்று புகுந்து வெளியேற வேண்டும். உங்கள் கூடாரத்தின் கொள்ளளவு ஏறத்தாழ 2 கன மீட்டர் இருக்கலாம். அதாவது, மணிக்குப் பதினாறு முறைக்கு மேல் உள்ளிருக்கும் காற்று முழுவதும் மாற வேண்டும். அப்படிக் காற்று புகுந்தால் உள்ளே 10 டிகிரி நிற்குமா என்பதை நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள். ஆகவே, காற்றுவழிகளை நன்றாகத் திறந்துவைத்தால் ஈரமே படியாது என்று சொல்பவர்களின் பேச்சு கடுங்குளிருக்குப் பொருந்தாது.

இரட்டைச் சுவரிலும் இதே அளவு நீர்தான். வேறுபடுவது, அது படியும் இடம் மட்டுமே. உள்கூடாரத்தின் துணி சற்று வெதுவெதுப்பாக இருப்பதால் ஆவியில் பெரும்பகுதி அதைக் கடந்து, குளிர்ந்திருக்கும் மேல்விரிப்பின் உட்புறத்தில் உறைபனியாக ஒட்டிக்கொள்கிறது. காற்றில் மேல்விரிப்பு அதிரும்போது உதிரும் துகள்களை உள்கூடாரம் தடுத்துவிடுகிறது. ஒற்றைச் சுவரில் அந்த இடைத்தடுப்பு இல்லை. துணி ஒருமுறை அதிர்ந்தால் உறைபனி முழுவதும் முகத்திலும் உறக்கப்பையிலும் கொட்டும்.

அதுவும் கடுங்குளிரில் பெரிய துன்பமல்ல, ஏனென்றால் கொட்டுவது உலர்ந்த பொடி, தட்டிவிட்டால் போய்விடும். உண்மையான தொல்லை, பூஜ்ஜியத்தை ஒட்டி இரண்டு மூன்று டிகிரி மேலும் கீழும் ஊசலாடும் இரவுகளில்தான். அப்போது சுவரில் படிவது உறையாமல் நீராகவே வழிந்து தரையின் ஓரங்களில் தேங்கும். உறக்கப்பையின் கால்பகுதி அதில் ஊறும். இறகு நிரப்பிய பையாக இருந்தால் நனைந்த இறகு கட்டிபட்டு வெப்பம் காக்கும் தன்மையை இழக்கும். குளிர்காலம் என்ற ஒரே சொல்லுக்குள் இந்த இரண்டு வேறுபட்ட நிலைமைகளையும் அடைத்துப் பேசுவதால்தான், ஒருவர் புகழ்வதும் ஒருவர் பழிப்பதும் ஒரே கூடாரத்தைப் பற்றியே நிகழ்கின்றன. நீங்கள் சொல்லும் 5 டிகிரி இரவைவிட 18 டிகிரி இரவுதான் இந்தக் கூடாரத்தில் எளிதாகக் கழியும். மரங்களுக்கிடையே காற்றோட்டமின்றி அமைதியாக இருக்கும் அந்த முதல் இரவைத்தான் நான் ஐயத்தோடு பார்க்கிறேன்.

துணியைப் பற்றியும் ஒரு சொல். ஆவியை வெளியே விடும் மென்படலம் கொண்ட துணிகள் உண்டு. டாட் பிப்ளர் வடிவமைத்து, பின்னர் பிளாக் டைமண்ட் நிறுவனத்தின் எல்டொராடோ போன்ற கூடாரங்களில் தொடர்ந்த டாட்டெக்ஸ் அத்தகையது. அதன் உட்புறம் மெல்லிய பூமயிர் போல இருப்பதால் ஈரம் துளியாகத் திரண்டு சொட்டுவதற்குப் பதிலாகப் பரவி நிற்கும். இத்தகைய படலத்தின் வழியே ஆவியை வெளியே தள்ளுவது, உள்ளுக்கும் வெளிக்கும் இடையிலான ஆவியழுத்த வேறுபாடு. சுவரின் உட்புறத்தை உறைபனி மூடிவிட்டால் அந்த வேறுபாடு பெருமளவு குறைந்துபோகும். எந்தத் துணியும் அப்போது அவ்வளவாக மூச்சுவிடாது. வெறும் நீர்காப்புப் பூச்சு மட்டும் உள்ள துணியென்றால் அதற்கு முன்பும் விடாது. உங்களுக்குக் கிடைக்கும் கூடாரம் எந்த வகையைச் சேர்ந்தது என்று முதலில் கேட்டறியுங்கள்.

---

கற்பாறை

நெடுவழியன் அவர்களின் கணக்கோடு எனக்குச் சச்சரவு இல்லை. ஆனால் அதைப் படிப்பவர்கள் ஒற்றைச் சுவர்க் கூடாரத்தை ஈரப்பொறியாக மட்டுமே நினைத்துவிடுவார்கள் என்று அஞ்சுகிறேன். இந்தக் கூடாரங்கள் எதற்காகப் பிறந்தனவோ அதையும் சொல்ல வேண்டும்.

முகட்டில் வீசும் காற்றில் இரட்டைச் சுவர்க் கூடாரத்தை எழுப்ப இருவரின் நான்கு கைகளும் போதா. உள்கூடாரத்தை நிறுத்துவதற்குள் அது பனியால் நிரம்பிவிடும். மேல்விரிப்பைப் போர்த்துவதற்குள் அது பறந்துவிடவும் கூடும். ஒற்றைச் சுவர்க் கூடாரத்தில் ஒருவர் துணியைத் தரையில் விரித்து உள்ளே நுழைந்துவிடுகிறார். அவருடைய எடையே அதைப் பிடித்துவைக்கிறது. உள்ளே அமர்ந்தபடி கழிகளை மூலைகளில் ஊன்றி நிமிர்த்துகிறார். வெளியே நிற்பவர் மூலைகளைக் கட்டிக்கொண்டே போகலாம். இன்னொன்று: இரட்டைச் சுவர்க் கூடாரத்தில் மேல்விரிப்பின் அடி விளிம்புக்கும் தரைக்கும் இடையிலான சந்து வழியே பொடிப்பனி புகுந்து இரண்டு சுவர்களுக்கும் நடுவே குவிந்து, உள்கூடாரத்தை இருபுறமும் நெருக்கும். ஒற்றைச் சுவரில் அந்தச் சந்தே இல்லை.

செங்குத்துச் சரிவில் வெட்டி எடுக்கும் மேடை பெரும்பாலும் உடலின் நீள அகலத்துக்கு மேல் கிடைப்பதில்லை. 120 சென்டிமீட்டர் அகலம் அங்கே வரம். ஆனால் உங்கள் பயணத்தில் அது சாபமாகலாம். உறங்கும் மெத்தைகள் பொதுவாக 51 சென்டிமீட்டர் அகலமுள்ளவை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் மிச்சமிருப்பது ஒரு சாணுக்குக் குறைவு. 64 சென்டிமீட்டர் அகல மெத்தைகளென்றால் அவை உள்ளே அடங்கவே அடங்கா. தோள் சுவரில் உரசினால், அங்கிருக்கும் உறைபனி பையின் மேல்துணியில் உருகி ஊறும். நீங்கள் இருவரும் உயரமானவர்கள் என்றால் கால்பக்கமும் சுவரைத் தொடும். குளிர்காலப் பைகள் தடிமனானவை என்பதை மறக்க வேண்டாம். இருவருக்குரியது என்று விற்கப்படும் இவ்வகைக் கூடாரத்தில் ஒருவர் தங்கினால் அது சொகுசு. இருவர் தங்கினால் அது உடன்படிக்கை.

---

வெண்முகடு

இருவருக்கும் நன்றி. துணியைப் பற்றி விசாரித்தேன். மென்படலம் உள்ள துணிதான், உட்புறம் மெல்லிய மயிர்ப்பரப்பு இருக்கிறது. எங்கள் மெத்தைகள் 51 சென்டிமீட்டர் அகலமுள்ளவை. எங்கள் இருவரில் ஒருவர் சற்று உயரமானவர்.

இப்போது எழும் ஐயம் அடுப்பைப் பற்றியது. தாழ்வாரம் இல்லாத கூடாரத்தில், காற்று பலமாக வீசும் இரவில், பனியை உருக்குவது எங்கே? உயர்மலைகளில் அடுப்பைக் கூடாரத்தின் உச்சியிலிருந்து தொங்கவிட்டுச் சமைக்கிறார்கள் என்று படித்திருக்கிறேன். நாங்களும் அப்படிச் செய்யலாமா?

---

தணல்

செய்யவேண்டாம் என்பதே என் முதல் பதில். ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தொங்கவிட்டுச் சமைப்பவர்கள் அதை விரும்பிச் செய்வதில்லை. வெளியே கால்வைக்க இடமில்லாத பாறைவிளிம்பில் வேறு வழியின்றிச் செய்கிறார்கள்; அதன் ஆபத்தை அறிந்தே செய்கிறார்கள். நீங்கள் தங்கப்போவது மண்வெட்டியால் தோண்டக்கூடிய பனிப்பரப்பில். வாசலுக்கு நேர்முன்னால் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழியை வெட்டி, வெட்டியெடுத்த பனியைக் காற்று வரும் பக்கத்தில் சுவராக அடுக்கினால், அதுவே உங்கள் சமையலறை. காலைக் குழிக்குள் தொங்கவிட்டு வாசலில் அமர்ந்துகொண்டே அடுப்பைக் கவனிக்கலாம். காலணி மாட்டுவதற்கும் அதே இடம்தான். தாழ்வாரம் இல்லாத குறையில் பெரும்பகுதி இந்தக் குழியால் தீர்ந்துவிடும். அரை மணி நேர உழைப்பு. அதில் உடலும் சூடேறும்.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் கிடையா. இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக அதைப் பற்றிக்கொள்கிறது. தலைவலி, குமட்டல், சோர்வு, தடுமாற்றம் என்று அது காட்டும் அறிகுறிகள் யாவும் உயரத்தால் வரும் நோயின் அறிகுறிகளைப் போலவே இருப்பதால், மலையில் இருப்பவர்கள் அதை வேறாக எண்ணிப் படுத்துவிடுகிறார்கள். பனி உருக்கும்போது ஆபத்து இன்னும் கூடும். பனி நிறைந்த பாத்திரத்தின் அடிப்பகுதி கடுங்குளிராக இருப்பதால், அதைத் தொடும் சுடர் முழுமையாக எரிவதற்குள் குளிர்ந்துவிடுகிறது. முழுமையாக எரியாத சுடர்தான் கார்பன் மோனாக்சைடைத் தருகிறது. மென்படலத் துணி ஆவியை விடும் என்பதால் இந்த வாயுவும் வெளியேறிவிடும் என்று யாரும் நம்பவேண்டாம். உறைபனி மூடிய சுவரும், பனி அடைத்த காற்றுத்துளையும், இழுத்து மூடிய ஜிப்பும் சேர்ந்தால் கூடாரம் ஓர் அடைத்த பெட்டி. இதோடு தீயும் இருக்கிறது: நைலான் சூடுபட்டால் உருகும், பற்றினால் எரிந்துகொண்டே சொட்டும், திரவ எரிபொருள் அடுப்பைப் பற்றவைக்கும்போது எழும் பெருஞ்சுடருக்கு அந்தச் சிறிய கூடாரத்தில் இடமே இல்லை.

எரிவாயுக் குப்பி எடுத்துச் செல்வதாக இருந்தால் அதிலும் ஒரு செய்தி உண்டு. சாதாரண பியூட்டேன் பூஜ்ஜியத்துக்குக் கீழே 0.5 டிகிரியிலேயே ஆவியாவதை நிறுத்திவிடும். ஐசோபியூட்டேன் ஏறத்தாழ 12 டிகிரி கீழ்வரை தாங்கும். புரோப்பேன் 42 டிகிரி கீழ்வரை. கலவைக் குப்பியில் புரோப்பேன் முதலில் தீர்ந்துவிடுவதால், புதிய குப்பி நன்றாக எரிந்து, பாதி தீர்ந்த பின் மெல்ல மெல்ல மங்கும். பூஜ்ஜியத்துக்குக் கீழே 18 டிகிரி என்று சொல்கிறீர்கள். ஆகவே குப்பியைத் தலைகீழாக வைத்து வாயுவைத் திரவமாகவே எடுக்கும் வகை அடுப்பு, அல்லது திரவ எரிபொருள் அடுப்பு, இரண்டில் ஒன்று வேண்டும். அதற்கென்று உருவாக்கப்படாத அடுப்பின் குப்பியைத் தலைகீழாகத் திருப்பினால் பெருந்தீ எழும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

காற்றுத்துளை பற்றிப் பேசும்போது அகஸ்டின் கோர்ட்டோல்ட் நினைவுக்கு வராமல் போகார். கினோ வாட்கின்ஸ் தலைமையில் 1930 - 31இல் கிரீன்லாந்து சென்ற ஆய்வுக்குழுவைச் சேர்ந்த அவர், பனிப்பாளத்தின் நடுவிலிருந்த வானிலை நிலையத்தில், 1930 டிசம்பர் முதல் தன்னந்தனியே ஒரு கூடாரத்தில் இருந்தார். கடைசி வாரங்களில் வாசல் முழுவதும் பனியால் அடைபட்டு, கூடாரமே புதைந்து, வெளியே வர வழியில்லாமல் போயிற்று. உச்சியிலிருந்து மேலே நீட்டியிருந்த காற்றுக்குழாய் மட்டும் அடைபடவில்லை. 1931 மே 5 அன்று வாட்கின்ஸ் வந்து அந்தக் குழாயின் வழியேதான் அவரைக் கூப்பிட்டார். உள்ளிருந்து பதிலும் வந்தது. அத்தகைய குழாய் உங்கள் கூடாரத்தில் இல்லை. ஆகவே பனி பொழியும் இரவில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ஒருவர் எழுந்து சுவரை உள்ளிருந்து தட்டி, வெளியே சென்று அடிப்பகுதியிலும் காற்றுத்துளையிலும் சேர்ந்த பனியை அள்ளிவிட வேண்டும். இந்த வேலையை யார் எப்போது செய்வது என்று படுப்பதற்கு முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது. நள்ளிரவில் அந்த வாதம் எவருக்கும் பிடிக்காது.

---

கற்பாறை

தணல் அவர்கள் சொன்ன குழியை நானும் வழிமொழிகிறேன். கூடாரத்தை நிறுத்தும் முறை பற்றிச் சிலவற்றைச் சேர்க்கிறேன், ஏனென்றால் இரண்டு கழிக் கூடாரம் முளையும் கயிறும் இல்லாமலே தானாக நிற்பதைப் பார்த்துப் பலர் ஏமாந்துவிடுகிறார்கள். அது நிற்பது காற்றில்லாத வேளையில். முகட்டில் அதன் பக்கச் சுவர்களிலுள்ள காதுகள் ஒவ்வொன்றிலும் இழுகயிறு கட்டியே ஆகவேண்டும். இல்லையெனில் பக்கவாட்டுக் காற்று சுவரை உள்ளே தள்ளி, கழியை வளைத்து, உங்கள் முகத்தின்மேல் வைத்துவிடும்.

கோடைக்குரிய மெல்லிய முளைகள் பனியில் கையோடு வந்துவிடும். துணிப்பைகளில் பனியை அடைத்தோ, பனிக்கோடரி, பனிச்சறுக்குப் பலகை போன்றவற்றைக் கிடைமட்டமாக வைத்தோ, நடுவில் கயிற்றைச் சுற்றி, முழங்கை ஆழத்துக்குக் குறையாமல் புதைத்து, மேலே பனியைப் போட்டு மிதிக்க வேண்டும். மிதிபட்ட பனித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகக் கால் மணி முதல் அரை மணி நேரம் பிடிக்கும். அதுவரை கயிற்றை முறுக்கி இழுக்கக் கூடாது. கயிறு இடும்போதே அதன் ஒரு முனையை வெளியே விட்டு, புதைந்த பொருளைச் சுற்றி வரும்படி அமைத்தால், காலையில் பை உறைந்து கல்லாகிக் கிடந்தாலும் கயிற்றையாவது உருவிக்கொள்ளலாம். கோடரி ஒன்றுதான் இருக்கிறது என்றால் அதைப் புதைக்காதீர்கள். அது கையில் இருக்கவேண்டியது.

மேடைக்கும் இதே விதிதான். கூடாரத்தின் அளவைவிட இருபுறமும் ஓர் அடி கூடுதலாக மிதித்து, இறுகவிட்டு, அதன் பிறகே விரிக்க வேண்டும். இறுகாத பனியில் படுத்தால் உடற்சூட்டில் இடுப்புக்கும் தோளுக்கும் பள்ளம் விழுந்து, மறுநாள் அது பனிக்கட்டியாக உறைந்து, இரண்டாவது இரவில் முதுகைப் பதம்பார்க்கும்.

வாசலைக் காற்றுக்கு நேர் எதிர்ப்பக்கம் வைப்பதே சரி என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. காற்று கூடாரத்தைத் தாண்டியதும் வேகம் குறைந்து, சுமந்துவந்த பனியை அந்தப் பக்கத்தில்தான் கொட்டுகிறது; வாசல் அங்கே இருந்தால் அது முதலில் அடைபடும். காற்றின் திசைக்குச் சற்றுச் சாய்வாக, பக்கவாட்டில் வருமாறு வைத்தால் காற்றே அதைத் துடைத்துக்கொண்டு போகும். பனிச்சுவர் கட்டும்போதும் கூடாரத்திலிருந்து குறைந்தது ஒரு மீட்டர் தள்ளிக் கட்டுங்கள். ஒட்டிக் கட்டினால் சுவருக்குப் பின்னால் விழும் பனியெல்லாம் நேரே கூடாரத்தின் மேல்தான். இவை எல்லாவற்றுக்கும் முன்னால், மேலே இருக்கும் சரிவிலிருந்து பனிச்சரிவு வருமா என்பதைப் பாருங்கள். அந்த வழியில் கிடக்கும் இடத்தில் எந்தக் கூடாரமும் ஒன்றுதான்.

---

நெடுவழியன்

உறக்கப்பை பற்றி நான் சொல்லாமல் விட்டதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான்கு இரவுப் பயணத்தில் முடிவைத் தீர்மானிப்பது அதுதான் என்பது என் எண்ணம்.

1911இல் ஸ்காட்டின் தென்துருவக் குழுவைச் சேர்ந்த வில்சன், பவர்ஸ், செர்ரி-காரார்ட் ஆகிய மூவரும் பேரரசப் பெங்குவின்களின் முட்டைகளைத் தேடி, கடும் குளிர்காலத்தில், இருட்டிலேயே அண்டார்க்டிகாவின் குரோசியர் முனைக்குச் சென்று திரும்பினார்கள். ஜூன் 27 அன்று புறப்பட்டு ஆகஸ்ட் 1 அன்று திரும்பிய அந்தப் பயணத்தில் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே 60 டிகிரிவரை போயிற்று. புறப்படும்போது மூவரின் உறக்கப்பைகளும் சேர்ந்து 52 பவுண்டு; திரும்பும்போது 118 பவுண்டு. கூடிய 66 பவுண்டு, அதாவது 30 கிலோவும், அவர்களுடைய மூச்சும் வியர்வையும் பைக்குள் உறைந்து சேர்ந்த பனிக்கட்டி. வகுத்துப் பார்த்தால் ஒரு பைக்கு நாளொன்றுக்குக் கால் கிலோவைச் சற்றே தாண்டுகிறது. பையைக் காயவைக்க அவர்களுக்கு வெயிலே இல்லை. உங்களுக்குப் பகலில் வெயில் கிடைக்கும். ஆனால் நடக்கும் நாளில் அதை விரித்துவைக்க நேரம் கிடைக்கிறதா என்பதே கேள்வி.

ஆகவே மூச்சைப் பைக்குள் விடாதீர்கள். எவ்வளவு குளிர்ந்தாலும் மூக்கும் வாயும் வெளியே இருக்கட்டும், முகத்துக்குக் கம்பளித் துணி போதும். பூஜ்ஜியத்துக்குக் கீழே 10 டிகிரியைத் தாண்டும் இரவுகளில், பைக்குள் ஆவி புகாத மெல்லிய உறை ஒன்றைப் போட்டு அதற்குள் படுத்தால், தோலிலிருந்து வரும் ஈரம் இறகுப் பகுதிக்குச் செல்லாது. உறைக்குள் சற்றுப் புழுக்கமாகத்தான் இருக்கும், எல்லோருக்கும் பிடிப்பதில்லை. பிடிக்காதவர்கள் இறகுப் பைக்கு மேலே செயற்கை இழை நிரப்பிய மெல்லிய பையைப் போர்த்திக்கொள்ளலாம். ஆவி குளிர்ந்து படியும் இடம் அந்த மேற்பைக்கு நகர்ந்துவிடும், சுவரிலிருந்து கொட்டும் உறைபனியையும் அதுவே வாங்கிக்கொள்ளும். ஒற்றைச் சுவர்க் கூடாரத்தில் இது உள்கூடாரத்தின் வேலையில் பாதியைச் செய்துவிடுகிறது.

வாங்கலாமா என்ற கேள்விக்கு: உங்கள் மூன்று முகட்டு இரவுகளுக்கு வாங்கலாம். முதல் இரவு பூஜ்ஜியத்தை ஒட்டி நின்று, ஈரப்பனியோ மழையோ பெய்யுமென்று வானிலை அறிக்கை சொன்னால், பயணத்தைத் தள்ளிவையுங்கள், அல்லது அந்த இரவையும் மேலேயே கழிக்கும்படி வழியை மாற்றுங்கள். ஒரே இடத்தில் முகாமிட்டுப் பல நாள் தங்குவதே உங்கள் நோக்கமாக இருந்திருந்தால், 3 கிலோவைத் தாண்டும் ஹில்லபெர்க் ஜன்னு போன்ற இரட்டைச் சுவர்க் கூடாரத்தைத்தான் சொல்லியிருப்பேன். புயலில் நாள் முழுவதும் உள்ளே அடைபட்டுக் கிடக்கையில் தாழ்வாரத்தின் அருமை தெரியும். இந்த இடத்தில் கற்பாறை அவர்கள் என்னோடு வேறுபடக்கூடும்.

---

கற்பாறை

வேறுபடவில்லை. ஒன்றை மட்டும் கூட்டுகிறேன்: வாங்குவதற்கு முன் தையல்களைப் பாருங்கள். இவ்வகைக் கூடாரங்களில் சிலவற்றுக்குத் தொழிற்சாலையில் தையல் நாடா ஒட்டுவதில்லை. வாங்கியவரே பசை பூச வேண்டும். பழைய கூடாரம் என்பதால் பூசிய பசை உரிந்திருக்கலாம். வெயிலில் நெடுநாள் நின்ற துணி நிறம் மங்கி நைந்திருக்கும். உச்சியில் கழிகள் குறுக்கிடும் இடத்தையும் மூலைகளில் கழிமுனை ஊன்றும் இடத்தையும் விரலால் அழுத்திப் பார்த்துவிடுங்கள்.

---

வெண்முகடு

தையலில் இரண்டு இடங்களில் பசை உரிந்திருக்கிறது. பூசிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். துணி நன்றாகவே இருக்கிறது. கடைசியாக ஒன்று: காலையில் சுவர் முழுவதும் உறைபனி பிடித்திருக்கும் கூடாரத்தை எப்படி மடித்து எடுத்துச் செல்வது? அப்படியே சுருட்டினால் அடுத்த இரவு அதெல்லாம் உள்ளேயே உருகாதா?

---

நெடுவழியன்

உருகும். அதனால்தான் காலையில் வேலைகளின் வரிசை முக்கியம். விழித்தவுடன் அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். வெயில் சுவரில் படும்வரை காத்திருக்கவும் வேண்டாம். இரண்டில் எது முதலில் வந்தாலும் உறைபனி நீராகிவிடும். முதலில் உறக்கப்பைகளை அழுத்திச் சுருட்டுங்கள். அப்படிச் செய்தால் உள்ளே இருக்கும் வெதுவெதுப்பான ஈரக்காற்று குளிர்ந்து அங்கேயே படிவதற்கு முன் வெளியேறும். பைகளையும் மெத்தைகளையும் வெளியே தள்ளிவிட்டு, சிறிய தூரிகை ஒன்றால் கூரையிலிருந்து கீழ்நோக்கிச் சுவரைத் துடைத்து, விழுந்ததை வாசல் வழியே கூட்டித் தள்ளுங்கள். பிறகு, காற்று அடங்கியிருந்தால் மட்டும், மூலைகளை அவிழ்த்துக் கூடாரத்தைக் கழிகளோடு இருவருமாகத் தூக்கி, வாசல் கீழே இருக்கும்படி கவிழ்த்து உதறுங்கள். மேல்விரிப்பு இல்லாததால் இது ஒரு நிமிட வேலை. இரட்டைச் சுவரில் மேல்விரிப்பின் உட்புற உறைபனியை இவ்வளவு எளிதாகப் போக்க முடியாது.

மயிர்ப்பரப்புள்ள துணியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டே இருக்கும். கூடாரத்தை அதன் உறைபையில் திணிக்காமல், முதுகுப்பையின் மேல்புறத்தில் தளர்வாக மடித்துக் கட்டிக்கொண்டு நடங்கள். நண்பகலில் ஓய்வெடுக்கும்போது வெயிலும் காற்றும் படும்படி உட்புறம் வெளியே தெரியக் கால் மணி நேரம் விரித்தால், பனி உருகாமலே ஆவியாகிப் பெரும்பகுதி போய்விடும். காற்றடிக்கும் இடத்தில் விரிக்கும்போது ஒரு மூலையையாவது பையோடு கட்டிவிடுங்கள்.